மூன்றாவது அலோ

போன வியாழக்கிழமை மாலை, ஜோகூர் ஸ்கூடாயில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கார் நிறுத்துமிடத்தில், நானும் என் வீட்டுக்காரரும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு மாறி மாறி "அலோ... அலோ... அலோ..." என்று போனில் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காரில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையை அந்தப் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துவிட்டார்.

அந்த அம்மா இந்தப் பத்தியைப் படிப்பவராக இருந்தால் ஒரு வார்த்தை — எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. அதில்தான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தோம்.

நான் ஒரு சந்தேகப் பேர்வழி என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ரொட்டி வாங்கினால் கடைசி வரிசையிலிருந்து எடுப்பேன். லிஃப்டில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை முன்னால் இழுத்துக்கொள்வேன். இது நோயா, அனுபவமா? என் வீட்டுக்காரர் நோய் என்கிறார். இத்தனை வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு, அனுபவம் என்றுதான் படுகிறது.

எழுதுவது என் ஆசைக்கு. பிழைப்பு வேறு. ஸ்கூடாய் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில், குளிர் அறைகளைப் பழுதுபார்க்கும் சின்ன கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மெர்சிங் மீன், குளுவாங் பால், செடெனாக் பூ — எது கெட்டுப்போகக் கூடியதோ, அதை வைத்திருப்பவர்கள் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். பாஸ் பெயர் குணா. அவர் என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போகிறது என்று நினைக்கிறேன்.

குளிர் அறை ஆபீஸ் நேரம் பார்த்துப் பழுதாகுமா? ஆகாது. சனிக்கிழமை சாயந்தரம் பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும். அதற்காக பாஸ் புதிதாக ஒரு வாய்ஸ்மெயில் மெஷின் வாங்கிப் போட்டார். ஐந்தரை மணிக்கு மேல் வரும் அழைப்பை அது எடுக்கும். "பீப்" என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைக்கலாம். அந்த மெசேஜ்களை வீட்டிலிருந்தே போட்டுக் கேட்டு, மெக்கானிக்கை அனுப்பி வைக்கும் பொறுப்பு எங்கள் ரிசப்ஷனிஸ்ட், மலாய்க்காரப் பெண் நோர்லியாவுக்கு. வெளியிலிருந்து கேட்கவும் மெசேஜை அழிக்கவும் வேண்டிய பாஸ்வேர்டும் அவளிடம் மட்டும்தான். தமிழ் மெசேஜ் வந்தால் எனக்கு அனுப்புவாள், நான் மலாயில் சொல்லிவிடுவேன். அப்படித்தான் ஏற்பாடு.

நோர்லியா பெக்கான் நானாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள். கணவர் இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று, அம்மாவிடம் வளர்கிறது. சிங்கப்பூரில் இதே வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். விடியுமுன் எல்லைப் பாலமான காஸ்வேயில் போய் நின்றால் பிள்ளையைத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும் என்று, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என எங்களிடம் சேர்ந்தாள். தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரம் ஆக வேண்டிய நாள், போன வெள்ளிக்கிழமை.

இப்போது அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த விஷயம்தான்.

பேசுகிறவர் போனை வைத்துவிட்டார் என்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண் கிடையாது. காது மட்டும்தான். அந்தப் பக்கம் போனை வைத்ததும் எங்கள் லைனில் "டூ... டூ... டூ..." என்று ஒரு சத்தம் வரும். அரை நொடி சத்தம், அரை நொடி அமைதி. மறுபடி சத்தம், மறுபடி அமைதி. இந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் "ஓ, வைத்துவிட்டார்கள்" என்று மெஷின் தானும் வைக்க வேண்டும். ஆனால் எங்கள் மெஷினை எந்த நாட்டுக்காகச் செய்தார்களோ, அந்த ஊரில் தாளம் வேறு போலிருக்கிறது. நம் ஊர் டூ அதற்குப் புரியவில்லை. ஆள் வைத்த பிறகும் பக்தியோடு பதிவு செய்துகொண்டே இருந்தது.

மெர்சிங் மீன் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒரு மெசேஜ் விடுவார். "சில்லர் ரோசாக். செப்பாட் டாத்தாங்." குளிர் அறை பழுதாகிவிட்டது, சீக்கிரம் வா. அவ்வளவுதான் மனிதர். அதற்குப் பின்னால் மூன்று நிமிஷம் டூ... டூ... டூ... வீட்டில் கேட்டதை ஆபீஸிலும் சரிபார்க்க, நோர்லியா தினமும் காலையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அடுத்த மெசேஜ் எப்போது வரும் என்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பாஸ் அதைக் கேட்டுவிட்டார். மெஷின் மாட்டிக் கொடுத்த ரவீனுக்கு உடனே போன் போனது. ரவீன் வாரம் முழுக்க சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே இந்த மாதிரி வேலைகளைச் செய்கிற ஆள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"ரவீன், இனிமே ஒரு டூ கூட என் காதுல விழக்கூடாது. என்ன செய்வியோ தெரியாது."

"செஞ்சிடலாம் பாஸ். டைமிங்தான். தட்டிவிட்டா சரியாயிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டிவிட்டுப் போனான். டூ நின்றுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் லேசாக உறுத்தியது — எந்தப் பழுதாவது ஒரே தட்டில் சரியாகி இருக்கிறதா? ஆனால் அந்த உறுத்தலைப் பின்தொடர்ந்து போகவில்லை. தமிழ் மெசேஜ் எதுவும் எனக்கு வராததையும் கவனித்தேன். மொழிபெயர்க்கும் தொல்லை இல்லை, நிம்மதி என்று இருந்துவிட்டேன்.

நிம்மதி போன திங்கட்கிழமை காலை முடிந்தது.

செடெனாக்கில் பூ மொத்த வியாபாரம் செய்யும் தனபாலன் அண்ணன் ஒரு கோணிப்பையோடு உள்ளே வந்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. பையைக் கவிழ்த்து ரிசப்ஷன் மேசைமேல் கொட்டினார். மல்லிகை. மல்லிகையாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அத்தனையும் பழுப்பேறி, ஈரமாக, புளித்த வாடையோடு கிடந்தது. இரண்டு கல்யாணத்துக்கான பூவாம். சனிக்கிழமை சாயந்தரம் சில்லர் நின்றுபோயிருக்கிறது.

"மூணு தடவ அடிச்சேன்மா. மூணு தடவயும் வாய் வலிக்கப் பேசினேன். ஒரு ஆள் வரல. பேசிக்கிட்டே இருக்கேன், வெச்சிடுறா. பால்கார செல்வத்துக்கும் இதே கததான், கேட்டுப் பாருங்க. நம்ம ஆளுங்க மெசேஜ மட்டும் இந்தப் பொண்ணு அழிச்சிடுது."

நோர்லியாவுக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரிந்துவிட்டது. குப்பைக்கூடையை எடுத்து வந்து பூக்களை இரண்டு கையாலும் அள்ளிப் போட ஆரம்பித்தாள். தனபாலன் அண்ணன் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பாஸ் அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பேசிக்கிட்டே இருக்கும்போது வெச்சிட்டாளாம். ராத்திரி ஆபீஸ்ல ஆள் ஏது? கோவத்துல சொல்றாரு. ஆனா சாந்தி, மெஷின்ல பாத்தேன். மீன் தவுக்கே மெசேஜ் இருக்கு. சாத்தே விக்கிற மலாய்க்கார பாக் சிக் மெசேஜ் இருக்கு. ரவீன் வந்துட்டுப் போனதுலேருந்து ஒரு தமிழ் மெசேஜ் கூட இல்ல. ஒண்ணு கூட. அதெப்படி?"

அதெப்படி? எனக்கும் அதே கேள்விதான்.

"பாஸ்வேர்ட் அவகிட்டதான் இருக்கு. புரியாத பாஷ, தொல்லன்னு அழிச்சிருப்பா. வெள்ளிக்கிழமையோட அனுப்பிடலாம். கன்ஃபர்ம் பண்ணல, அவ்வளவுதான். காரணம் சொல்ல வேணாம். சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

வேற மாதிரி என்றால் இனப் பிரச்சினை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் சந்தேகத்துக்கு ஒரு வசதியான குணம் உண்டு. எதிரில் இருப்பவர் நம் ஆளாக இருந்தால் நாலு சாட்சி கேட்கும். வேறு ஆளாக இருந்தால் சாட்சியே தேவையில்லை என்று வந்துவிடும். பாஸ் கெட்டவர் இல்லை. தனபாலன் அண்ணனும் இல்லை. நான்...? நானும் அன்றைக்கு மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு என் மண்டைக்குள் வேறு ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. ரவீன் வந்துபோன அதே வாரத்தில் நோர்லியா என்னிடம் வந்து, "காக், 'வணக்கம்' எப்படிச் சொல்லணும்? சரியாச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். காக் என்றால் அக்கா. அவள் மலாயில்தான் பேசுவாள், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "வனாக்காம்" என்று நாலைந்து முறை தடுமாறி, ஒருவழியாகப் பிடித்துவிட்டாள். மெஷினில் பேசும் வரவேற்பையும் புதிதாகப் பதிவு செய்தாள். முதலில் அழகாக ஒரு வணக்கம், அப்புறம் வழக்கம்போல மலாயில் "சிலா திங்கால்கான் பெசானான்", மெசேஜ் விடுங்கள். அப்போதே எனக்கு ஒரு கேள்வி. திடீரென்று தமிழ்மேல் என்ன இத்தனை பிரியம்? எதையோ மறைக்கிறவர்கள்தானே கூடுதலாகக் குழைவார்கள்?

இப்படியெல்லாம் யோசிக்கிறவளோடுதான் என் வீட்டுக்காரர் குடித்தனம் நடத்துகிறார். பாவம்தான்.

ஆனால் ஒன்று. சந்தேகப் பேர்வழிக்கு ஒரு நேர்மை வேண்டும். எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும். நோர்லியாவை மட்டும் பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. ரவீனைச் சந்தேகப்பட்டேன். தட்டிவிட்டு ஓடியவன். தனபாலன் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். சில்லர் கதவைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டு நம்மேல் பழி போடுகிறாரோ? பாஸையும் விடவில்லை. நிரந்தரம் ஆனால் விடுப்பு, மருத்துவச் செலவு எல்லாம் கொடுக்க வேண்டும், அதற்குச் சாக்குத் தேடுகிறாரோ?

புதன்கிழமை சாயந்தரம் வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆபீஸ் எண்ணை அழைத்தேன். வணக்கம் வந்தது. பீப் வந்தது. "நான் சாந்தி பேசுகிறேன், இது ஒரு சோதனை அழைப்பு, நன்றி" என்று வானொலி அறிவிப்பாளர் கணக்காகத் தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன். வியாழக்கிழமை காலை நோர்லியா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"காக், உங்க மெசேஜ் வந்திருக்கு. என்ன சொன்னீங்க?"

ஆக, தமிழ் மெசேஜ் விழுகிறது. அவள் அழிக்கவும் இல்லை. இங்கே ஒரு சாதாரண மனிதர் நிம்மதி அடைந்திருப்பார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் குரல் என்று தெரிந்துதான் விட்டுவைத்தாளோ?

அதைவிட இன்னொன்று. அன்று மத்தியானம் ஸ்டேப்ளர் எடுக்க அவள் இழுப்பறையைத் திறந்தேன். காலி. எப்போதும் அங்கே இருக்கும் பிள்ளையின் படம் இல்லை. அவளுடைய காப்பிக் குவளை இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டிருக்கிறாள். யாரும் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, அதற்குள் மூட்டை கட்டிவிட்டாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? என் புத்தி ஒரு அர்த்தத்தைத்தான் சொன்னது. அது எது என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரி, தெரியாத குரலில் ஒரு சோதனை. அப்படித்தான் வியாழக்கிழமை சாயந்தரம் சாப்பாட்டுக் கடை கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பசியோடு வந்திருந்தார்.

"ஒரு போன் பேசுங்க. பூக்கடைக்காரர் மாதிரி. அப்புறம் சாப்பிடப் போலாம்."

"பூக்கடைக்காரர் எப்படிப் பேசுவாரு?"

"எப்படியோ பேசுங்க. சில்லர் நின்னுபோச்சு, ஆள் அனுப்புங்கன்னு சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அழைத்தார். வணக்கம் என்றது நோர்லியாவின் குரல். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பொண்ணா?" என்று என்னைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வந்த மலாயை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. பீப் சத்தமும் வந்துபோனது.

"அலோ..."

பதில் இல்லை.

"அலோ..."

பதில் இல்லை.

"அலோ..."

"தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னது மெஷின். லைன் அறுந்தது.

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேலா" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்கு அலோ அலோன்னு கெடக்குறீங்க? நேரா விஷயத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தப் பக்கம் ஆள் இருக்கான்னு தெரிய வேணாமா? சும்மா சுவத்துக்கிட்டயா பேசுறது?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் சொன்னதில் ஒரு ஊரே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மீன் தவுக்கே மெஷினிடம் விஷயத்தை வீசிவிட்டுப் போய்விடுகிறார். சாத்தே இறைச்சி விற்கும் பெரியவர் பாக் சிக் பீப் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பெயரில் தொடங்கி ஒழுங்காக ஒப்பிக்கிறார். நாம்? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ஆங், சொல்லுங்க" வராமல் நமக்கு வாய் திறக்காது. கதை கேட்டால்கூட நடுநடுவே ஒருவர் "ம்" கொட்ட வேண்டும். அலோ என்று கூப்பிட்டுப் பார்ப்போம். கொஞ்சம் பொறுப்போம். மறுபடி அலோ. ஆள் வருகிறவரை அலோ. அதுவும் நிதானமாக, ஒரே அளவாக — அரை நொடி அலோ, அரை நொடி காத்திருப்பு.

அரை நொடி சத்தம். அரை நொடி அமைதி.

பிறகுதான் அந்த அம்மா பார்த்த கூத்து நடந்தது. நான் அலோ... அலோ... அலோ... என்றேன். தெரிமா காசே. அவர் சொன்னார். தெரிமா காசே. ஒரே மூச்சில் அலோஅலோஅலோ என்றால் பேசாமல் கேட்டுக்கொண்டது. "ஐயா... ஐயா... ஐயா..." என்று பார்த்தோம், அதற்கும் தெரிமா காசே. என் வீட்டுக்காரருக்குப் பசி மறந்துவிட்டது. விட்டால் திருப்பள்ளியெழுச்சியே பாடிப் பார்த்திருப்பார்.

ரவீனைப் பிடித்தேன். காஸ்வே நெரிசலில், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"ரவீன், உண்மையச் சொல்லு. அன்னைக்கு என்ன தட்டிவிட்ட?"

"அக்கா... அந்த டூ சத்தத்துக்கு ஒரு அளவு இருக்கு. கொஞ்சம் கூடக் கொறைய வந்தாலும் அது டூதான்னு எடுத்துக்க, மேல கீழ இடம் விடணும். பாஸ் அன்னைக்கு ரொம்பக் கத்திட்டாரு. நானும் ரொம்ப இடம் விட்டுட்டேன். மூணு தடவ சத்தம், மூணு தடவ அமைதி வந்தாப் போதும், ஆள் வெச்சிட்டான்னு முடிவு பண்ணிடும்."

"அலோ அலோ அலோன்னா?"

அவன் வாய்க்குள்ளேயே அலோவை எண்ணிப் பார்ப்பது பஸ் இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

"அலாமாக்" என்று பதறினான் ரவீன். "அதுவும் அதே அளவுதான்கா. மெஷினுக்கு அதுவும் டூதான்."

"சரி, அந்த அலோவாவது மெசேஜா விழணுமே?"

"கடைசில வர்ற டோன அது வெட்டிப் போட்டுடும்கா. வெட்டினதுக்கு அப்புறம் மிச்சம் ஒண்ணும் இல்லன்னா, மெசேஜே இல்லன்னு தூக்கிடும்."

ஆக, தனபாலன் அண்ணன் வாய் வலிக்கப் பேசியது மொத்தம் மூன்று அலோ. மெஷின் அதைக் கேட்டு, அவர் வைத்துவிட்டதாக நினைத்து, நன்றி சொல்லி, ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் துடைத்துவிட்டிருக்கிறது. அவர் தன்னிடம் பேச மறுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். யாரும் யாரையும் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பினாரா? நம்புவாரா? என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அவளுக்குச் சப்போர்ட்டா?"

"உங்க போன்லேருந்தே அடிச்சுப் பாருங்க பாஸ். மெஷின ஆன் பண்ணிட்டு வரேன்."

அடித்தார். அறுபதை நெருங்கும் மனிதர், டை கட்டிக்கொண்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து "அலோ... அலோ... அலோ..." என்றார். தெரிமா காசே. அவருக்கு வேர்த்துவிட்டது. இன்னொரு தடவை அடித்தார். மறுபடி தெரிமா காசே. மூன்றாவது தடவை அடிக்கவில்லை.

"நான் அன்னைக்கே மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார்.

எழுதிக்கொள்ளுங்கள், பாஸ் என்றால் இப்படித்தான்.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. காலி இழுப்பறை. நேராக நோர்லியாவிடம் போய்க் கேட்டேன். பிள்ளையின் படத்தை ஏன் எடுத்துப் போனாய்?

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"திங்கக்கிழமை அந்தப் பூக்காரர் கத்தினப்பவே தெரிஞ்சிடுச்சு, காக். அவர் பாஷ புரியல, முகம் புரிஞ்சுது. நீங்க யாருமே என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேக்கல. கேக்கலன்னா முடிவு பண்ணிட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். "மெஷின்ல யார் யார் கூப்பிட்டாங்கன்னு நம்பர் தெரியும். நம்ம இந்திய கஸ்டமர் நம்பரா இருக்கும், மெசேஜ் இருக்காது. முதல்ல, மலாய்க்காரி குரலைக் கேட்டதும் பிடிக்காம வெச்சிடறாங்கன்னு நெனச்சேன். அதான் வணக்கம் கத்துக்கிட்டேன். மரியாதையாக் கூப்பிட்டா பேசுவாங்கன்னு. ஆனா வணக்கம் சொன்னதுக்கு அப்புறம் ஒருத்தர்கூடப் பேசல, காக். ரெண்டு பேருக்குத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கோபமாப் பேசிட்டு வெச்சிட்டாங்க. அப்புறம் கூப்பிடல. என் வாய்லேருந்து வணக்கம் வர்றதே அவங்களுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாருங்கள். முதலில் மலாயில் மட்டும் பேசியபோது, "மெஷின்டா" என்று நம்மவர்களில் பலர் சலித்துக்கொண்டு வைத்திருப்பார்கள். வணக்கம் வந்ததும் என்ன ஆனது? வணக்கம் என்று மெஷின் சொல்லுமா? ஆள்தான் என்று நம்பிவிட்டார்கள். ஆள் என்றால் என்ன செய்வோம்? அலோ... அலோ... அலோ... அவள் மரியாதையாக ஒரு வார்த்தையைச் சேர்த்ததும், அதுவே நம் வாயை அடைத்தது. நாங்கள் ஒரு பக்கம் அவள் நம்மை அழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் அந்தப் பக்கம் நாங்கள் அவளை வெறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில், பிஸ்கட் பகிர்ந்து தின்றுகொண்டு.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "தாப்பா லா, காக்" என்றாள். பரவாயில்லையாம். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரவீன் சிங்கப்பூரிலிருந்தபடி லேப்டாப் வழியாக உள்ளே நுழைந்து டைமிங்கைச் சரிசெய்தான். விட்ட இடத்தையெல்லாம் இறுக்கிவிட்டானாம். சத்தம் கிட்டத்தட்டச் சரியாக அரை நொடி, அமைதியும் அப்படியே. அதுவும் எட்டுத் தடவை வந்தால்தான் போனை வைக்கும்.

"எட்டுத் தடவ ஒரே தாளத்துல அலோ சொல்ற ஆள் ஜோகூர்லயே கெடையாதுக்கா."

எனக்கு அதிலும் சந்தேகம்தான். தனபாலன் அண்ணனை அவன் நேரில் பார்த்ததில்லை.

சாயந்தரம் பாஸ் நோர்லியாவைக் கூப்பிட்டு வேலை நிரந்தரம் என்று சொன்னார். "குட் ஜாப்" என்றார். மன்னிப்பு என்று எதுவும் இல்லை. தனபாலன் அண்ணனுக்கு அவரே போன் போட்டு, மெஷினில் கோளாறு, அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று விளக்கினார். "ஓ... அப்படியா... ஓ..." என்று கேட்டுக்கொண்டாராம். அந்த ஓவில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று நான் பாஸிடம் கேட்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை காலை நோர்லியா ஓடிவந்தாள். "காக், வந்திருக்கு. அந்தப் பூக்காரர். முழு மெசேஜ்." அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ... அலோ... அலோ... அலோ..." என்றது தனபாலன் அண்ணன் குரல். மெஷின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, பக்கத்தில் நின்ற யாரிடமோ அவர் சொல்வது துல்லியமாகக் கேட்டது. "எடுத்துட்டுப் பேச மாட்டேங்குது பாரு. அந்த மலாய்க்காரப் பொண்ணுதான். வேணும்னே பண்றா. மெஷினாம், கோளாறாம், நம்ம காதுல பூ சுத்துறாங்க." மறுபடி போன் பக்கம் திரும்பி, "அலோ... சில்லர்ல தண்ணி சொட்டுது. ஆள அனுப்புங்க."

நோர்லியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றார், காக்?"

"சில்லர்ல தண்ணி சொட்டுதாம். மெக்கானிக் வேணுமாம்."

"நடுவுல ரொம்ப நேரம் பேசினாரே?"

"அது... உனக்கு நன்றி சொன்னார். நல்ல பொண்ணுன்னு சொன்னார்."

அவள் மெக்கானிக்கை அழைத்து, முதல் வேலையாகச் செடெனாக் போகச் சொன்னாள். பிறகு திரும்பி வந்து, அந்த மெசேஜை இன்னொரு தடவை போட்டாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க 'மலாய்'னு ஒரு வார்த்தை வருது, காக். நல்ல பொண்ணுன்னு சொல்றதுக்கு அது எதுக்கு?"

அன்றிலிருந்து நான் மொழிபெயர்த்துச் சொல்கிற ஒவ்வொரு மெசேஜையும் அவள் இரண்டு தடவை போட்டுக் கேட்கிறாள். ஒரு தடவை மெஷினைப் பார்த்து. ஒரு தடவை என்னைப் பார்த்து.

என் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. அவளுக்குத்தான் இப்போது ஆரம்பித்திருக்கிறது... சரியான ஆள்மேல்தான்.